கிங்ஸ் சர்க்கிள் வட்டாரத்தில் சமய நம்பிக்கையும் ஈகைக் கடமையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

துன்புற்றோர்க்கு உதவுதல் நம்பிக்கையுடையோரின் கடமை என்பதில் சமயங்களுக்கிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இசுலாம் தன் ஐந்து கடமைகளுள் ஒன்றாக ஸகாத்தை வைத்து, ஓராண்டுக்காலம் கையிருப்பில் நின்ற செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கை வறியோர்க்கு உரியதாக்குகிறது. பசித்தவனுக்கு அளித்த உணவை இறைவனுக்கே அளித்ததாகக் கருதுகிறது கிறித்தவம். உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் ஆகிய நான்கையும் தலையாய கொடைகளாகச் சமணம் வகுத்தது. பௌத்தம் பாரமிதைகளுள் தானத்தையே முதலில் வைத்தது. அடியார்க்கு அமுதளித்தலைச் சைவமும் வைணவமும் வழிபாட்டின் பகுதியாகவே போற்றின.

ஆதலின், சமயம் உதவச் சொல்கிறதா என்பது ஆய்வுக்குரிய வினாவன்று. அக்கடமை ஒரு குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட மக்களிடையே, எவ்வடிவம் கொண்டது, எங்கே நின்றுவிட்டது, எப்பொழுது தன் எல்லையைத் தாண்டியது என்பனவே வரலாற்று ஆய்வாளர் வினவத்தக்கவை. இவ்வினாக்களுக்கு விடை காண மும்பையின் கிங்ஸ் சர்க்கிள் வட்டாரம் மிகவும் ஏற்ற களமாகும். இன்று மகேசுவரி உத்யான் எனப் பெயர் பெற்றுள்ள வட்டப் பூங்காவை நடுவாகக் கொண்டு நோக்கினால், மாதுங்கா, வடாலா, சயான், தாராவி ஆகிய பகுதிகள் அதனைச் சூழ அமைந்திருப்பதைக் காணலாம். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழர் வாழ்ந்துவரும் பகுதிகள் இவை. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், கல்விக்கூடம், நோயாளர் இல்லம், திருவிழாப் பந்தல் ஆகிய அனைத்தும் நடந்தே சென்றடையும் தொலைவில் இங்குள்ளன. இவ்வட்டாரத்து வரலாற்றில் சமய நம்பிக்கை உதவிக் கடமையாக மாறிய சில நிகழ்வுகளைத் தமிழ் அற மரபின் அளவைகளைக் கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மரபு தரும் மூன்று அளவைகள்

ஈகையைப் புகழ்ந்து பாடியதோடு தமிழ் இலக்கியம் நின்றுவிடவில்லை. ஈகையை ஆராயவும் செய்தது. அவ்வாராய்ச்சியிலிருந்து மூன்று வினாக்களைத் திரட்டிக் கொள்ளலாம்.

முதலாவது, யாருக்குக் கொடுப்பது என்னும் வினா. இல்லாதவர்க்குக் கொடுப்பதே ஈகை என்றும், மற்றவை யாவும் திரும்பப் பெறும் கணக்கோடு செய்பவை என்றும் திருக்குறளின் ஈகை அதிகாரம் தொடக்கத்திலேயே வரையறுக்கிறது. மணிமேகலையில் ஆபுத்திரன் மதுரையில் இரந்து பெற்ற சோற்றைப் பார்வையற்றோர், செவி கேளாதோர், காலிழந்தோர், நோயுற்றோர், பேணுவார் எவருமற்றோர் ஆகியோரை அழைத்து ஊட்டுகிறான். அவ்வழைப்பில் குலமும் சமயமும் இடம்பெறவில்லை. தேவை ஒன்றே தகுதியாக அமைகிறது.

இரண்டாவது, எதனை எதிர்பார்த்துக் கொடுப்பது என்னும் வினா. புறநானூற்றின் 134ஆம் பாடலில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரனைப் பாராட்டும்போது, இப்பிறவியில் செய்ததை மறுபிறவியில் வாங்கிக்கொள்ளலாம் என எண்ணி அறத்தை விலைபேசும் வணிகனல்லன் அவன் என்கிறார். கைம்மாறு செய்ய வல்லார்க்குக் கொடுப்பவர்களை மணிமேகலையும் இதே வணிக உருவகத்தால் இடித்துரைக்கிறது. மேலுலகம் என ஒன்று இல்லையென்றாலும் ஈதலே நன்று என்கிறது திருக்குறள். மறுமை நம்பிக்கை வலுவாக நிலவிய சமுதாயத்திலேயே, மறுமையைக் காரணமாகக் கொள்ளாத ஈகை உயர்த்திப் பேசப்பட்டது என்பது கருதத்தக்கது.

மூன்றாவது, எப்பொருளைக் கொண்டு கொடுப்பது என்னும் வினா. தீமை கலவாமல் ஈட்டிய பொருளே அறத்தையும் இன்பத்தையும் தரும் என்பது பொருள்செயல்வகை அதிகாரத்தின் கருத்து. முயன்று ஈட்டிய பொருள் தக்கார்க்கு உதவுதற்பொருட்டே என ஒப்புரவறிதல் அதிகாரம் கூறும். கொடையின் தூய்மை பொருளின் தூய்மையைச் சார்ந்தது என்பது இவற்றால் பெறப்படும்.

இம்மூன்றோடு மற்றொரு வேறுபாட்டையும் மனங்கொள்ள வேண்டும். வள்ளுவர் ஒப்புரவையும் ஈகையையும் தனித்தனி அதிகாரங்களாக அமைத்தார். ஈகையில் கொடுப்போனும் பெறுவோனும் மேல்கீழாக நிற்கின்றனர். ஒப்புரவோ ஊரார் குடிக்கும் நீர்நிலையைப் போன்றது. ஒருவரோடொருவர் கூடிவாழும் உலகநடையை அறிந்து செய்வது. இவ்வேறுபாடு கிங்ஸ் சர்க்கிள் வட்டாரத்தின் வரலாற்றை விளங்கிக்கொள்ளப் பெரிதும் உதவுகிறது.

மாதுங்கா தொழுநோயாளர் இல்லம்

இவ்வட்டாரத்தில் தமிழர் பெருமளவில் குடியேறுவதற்கு முன்பே, ஆதரவற்றோர்க்கான பெரிய நிறுவனமொன்று இங்கே தோன்றிவிட்டது. பம்பாய் நகராட்சி ஆணையராக இருந்த ஹாரி ஆக்வொர்த் 1890ஆம் ஆண்டில் நிறுவிய வீடற்ற தொழுநோயாளர் இல்லமே அது. மாதுங்காவின் பெயரால் அன்று அறியப்பட்ட இவ்வில்லம் பின்னர் ஆக்வொர்த்தின் பெயரையே பெற்று, வடாலாவில் தொழுநோய் மருத்துவமனையாக வளர்ந்தது. மராத்திய வீரக்கதைப் பாடல்களான பொவாடாக்களைத் தொகுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவராகவும் ஆக்வொர்த் அறியப்படுகிறார்.

இல்லம் தோன்றிய காலச்சூழல் நோக்கத்தக்கது. ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் மொலொகாயில் தொழுநோயாளரோடு வாழ்ந்து அந்நோய்க்கே இரையான தமியான் அடிகளார் 1889இல் மறைந்தார். அவர் மறைவு உலகெங்கும் இரக்கத்தையும் அச்சத்தையும் ஒருசேரக் கிளப்பியது. இந்தியாவில் இந்நோயை ஆராய ஓர் ஆணையம் 1890இல் அனுப்பப்பட்டது. பம்பாயின் வீதிகளில் இரந்து திரிந்த நோயாளர்களைக் கண்டு நகரத்தார் அஞ்சினர், இரங்கவும் செய்தனர். பொதுமக்களின் நன்கொடையும் நகராட்சி, அரசு ஆகியவற்றின் நிதியும் கூடி இல்லம் எழுந்தது. வளாகத்திற்குள் இந்துக் கோயில், பள்ளிவாசல், கத்தோலிக்கச் சிற்றாலயம் ஆகிய மூன்றும் அமைந்தன.

முதல் அளவையைக் கொண்டு நோக்கினால் இவ்வில்லம் உயர்ந்து நிற்கிறது. வீடற்றோர் என்னும் அடைமொழியே ஆபுத்திரன் அழைத்த பேணுவாரற்றோரை நினைவூட்டுகிறது. சமய வேற்றுமை பாராது நோயாளரை ஏற்று, அவரவர் வழிபாட்டுக்கும் இடமளித்த ஏற்பாடு அக்காலத்தில் எளிதானதன்று. ஆயினும் இரண்டாம் அளவை இவ்வறத்தின் மறுபுறத்தைக் காட்டுகிறது. நோயாளரின் நலத்தோடு, அவர்கள் கண்ணில் படாதிருக்க வேண்டும் என்னும் நகரத்தின் விருப்பமும் கொடையில் கலந்திருந்தது. உள்ளே வந்தோர் விரும்பியபோது வெளியேறும் உரிமை பெற்றிருக்கவில்லை. வறிய தொழுநோயாளரைப் பிடித்து இல்லங்களில் அடைத்து வைக்க 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் நாடளாவிய அதிகாரம் அளித்தது. வசதியுள்ள நோயாளரை அவ்வாறு அடைத்து வைக்கும் அதிகாரத்தை அச்சட்டம் அளிக்கவில்லை. அஃது இந்தியச் சட்டத்தொகுப்பிலிருந்து முற்றிலும் நீக்கப்பட்டது 2016ஆம் ஆண்டில்தான்.

மணிமேகலைக் காப்பியத்தில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறுகிறது. பசித்திருந்த சிறையாளர்க்கு உணவளித்த மணிமேகலை, அரசனிடம் வேண்டிப் பெறும் வரமே அவர்களின் விடுதலைதான். மாதுங்காவில் எழுந்த அறக்கோட்டமோ சிறைக்கோட்டத்தின் இயல்பையும் தன்னுள் கொண்டிருந்தது. உதவி பெறுவோனின் உரிமையை மதியாத உதவி, பசியைத் தீர்த்தாலும் அறத்தை நிறைவு செய்வதில்லை என்பதைச் சாத்தனாரின் காப்பியத்தை இவ்வில்லத்தின் வரலாற்றோடு சேர்த்துக் கற்கும்போது உணரமுடிகின்றது.

தாராவி: குடியேறியோரின் ஒப்புரவு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் பதனிடும் தொழில் தாராவியில் வேரூன்றியது. கோலி மீனவரின் குடியிருப்பாகவும் சதுப்பு நிலமாகவும் இருந்த அப்பகுதிக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழ் முசுலிம்களும் ஆதிதிராவிடரும் பிற சமூகத்தாரும் தொழில் நாடி வந்தனர். நகரம் அருவருத்து ஒதுக்கிய தொழிலை நகரம் ஒதுக்கிய நிலத்தில் செய்தவர்கள் இவர்கள். தாராவியின் பழமையான படா மசூதி 1887ஆம் ஆண்டைச் சேர்ந்தது. விநாயகர் கோயில் 1913இல் எழுந்தது. தமிழர்க்கான முதல் பள்ளி 1924இல் அமைந்தது. கையில் மிச்சமேதுமில்லாத தொழிலாளர் குடியிருப்பில் வழிபாட்டிடமும் பள்ளியும் இவ்வாறு அடுத்தடுத்துத் தோன்றியமை சிந்திக்கத்தக்கது.

புதிய நகரத்தில் இறங்கிய ஒருவனுக்கு முதலில் வேண்டியவை படுக்க இடமும், வேலைக்குச் சிபாரிசும், நோய் வந்தால் பார்க்க ஆளும், இறந்தால் எடுத்துச் செல்ல நால்வரும் ஆகும். இவற்றைத் தரும் உறவினர் கூட்டத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர்க்கு, வழிபாட்டிடத்தைச் சூழ்ந்த கூட்டமே உறவாயிற்று. ஜமாஅத்தும், கோயிற் சங்கமும், தேவாலயப் பங்கும் வழிபாட்டு அமைப்புகளாக மட்டுமன்றி உதவி அமைப்புகளாகவும் இயங்குவது இதனாலேயே. இங்கே கொடுப்போனும் பெறுவோனும் வேறு வேறு வகுப்பினரல்லர். இம்மாதம் பெறுபவர் அடுத்த ஆண்டு கொடுப்பவராகலாம். இதனை ஈகை என்பதைவிட ஒப்புரவு என்பதே பொருத்தமுடையது.

ஒப்புரவின் வலிமையே அதன் வரம்பாகவும் அமைகிறது. ஊர், குலம், சமயம் என்னும் வட்டங்களுக்குள் அது விரைந்து செயற்படும். வட்டத்திற்கு வெளியே நிற்பவனின் துன்பம் அதன் கண்ணுக்கு எளிதில் புலப்படாது.

மாதுங்கா: கல்வியும் எல்லைக்கோடும்

1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் கொள்ளைநோயின் விளைவாக 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. அது திட்டமிட்ட புதிய புறநகர்ப் பகுதிகளுள் தாதர், மாதுங்கா, வடாலா, சயான் ஆகியவை அடங்கும். அங்கே எழுந்த அடுக்குக் குடியிருப்புகளில் இரண்டு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் தென்னிந்திய அலுவலர் குடும்பங்கள் பெருமளவில் குடியேறின. அவர்களுள் தமிழ்ப் பிராமணர் மிகுதி. கோயில்களும் பஜனை மரபும் உணவு விடுதிகளும் மாதுங்காவுக்குத் தனி முகத்தைத் தந்தன.

1932இல் எம்.வி. வெங்கடேசுவரன் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவினார். புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்பதே அன்றைய தேவை. கல்விக் கொடையைத் தெய்வப்பணியாகக் கருதிய மரபு அத்தேவையோடு இணைந்தது. அச்சங்கத்தின் கலை அறிவியல் கல்லூரி 1960இல் சயானில் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் ஒரு சமூகத்தின் ஒப்புரவாக அமைந்த பணி, காலப்போக்கில் பல மொழியினர்க்கும் பல சமயத்தார்க்கும் பயன்படும் பொதுக்கல்வியாக விரிந்தது. வட்டம் விரியக்கூடியதே என்பதற்கு இஃதொரு சான்றாகும்.

எனினும் இருப்புப்பாதைக்குக் கிழக்கே மாதுங்காவும் மேற்கே தாராவியும் ஒரே மொழி பேசிய இருவேறு உலகங்களாகவே நெடுங்காலம் இருந்தன. இரண்டிலும் தமிழ் ஒலித்தது. இரண்டிலும் பிள்ளையார் வழிபடப்பட்டார். ஆனால் ஒரு புறத்தின் வறுமை மறுபுறத்தின் கடமையாகத் தானே மாறிவிடவில்லை. மொழியும் தெய்வமும் பொதுவாயிருத்தல் மட்டுமே உதவிக் கடமையைத் தோற்றுவிப்பதில்லை. இடையே சாதியும் வர்க்கமும் கோடு கிழிக்கின்றன.

இக்கோட்டினை மிகக் கூர்மையாகச் சுட்டிய குரல் இவ்வட்டாரத்தை அடுத்தே எழுந்தது. 1935இல் இயோலாவில் மதமாற்ற அறிவிப்பை வெளியிட்ட டாக்டர் அம்பேத்கர், 1936 மே 31ஆம் நாள் பம்பாய் தாதரில் நடைபெற்ற மாநாட்டில் விடுதலைக்குரிய வழி எது என்பது பற்றி நீண்ட உரை ஆற்றினார். ஒரு மனிதனின் உயர்வுக்குச் சமயத்தினிடம் வேண்டப்படுபவை பரிவு, சமத்துவம், சுதந்திரம் ஆகிய மூன்றும் என அவ்வுரையில் அவர் வகுத்துக் காட்டினார். பரிவு முதலில் நின்றாலும், மற்ற இரண்டும் இல்லாத பரிவை அவர் போதுமானதாகக் கொள்ளவில்லை. தொழுநோயாளர் இல்லத்தில் குறைந்தது சுதந்திரம். இருப்புப்பாதையின் இருபுறத்துக்குமிடையே குறைந்தது சமத்துவம். தமிழ் மரபின் மூன்று அளவைகளும் கொடுப்போனின் நிலையிலிருந்து பேசுபவை. பெறுவோனின் நிலையிலிருந்து எழும் அளவையை அம்பேத்கரின் உரை தருகிறது. இரண்டையும் இணைத்துக் காண்பதே முழுமையான மதிப்பீடாகும்.

வரதராஜனின் பந்தலும் பொருளின் தூய்மையும்

மூன்றாம் அளவையாகிய பொருளின் தூய்மையை இவ்வட்டாரத்தில் சோதித்த வாழ்க்கை வரதராஜன் முதலியாருடையது. இரயில் நிலையச் சுமைகூலியாகப் பம்பாய் வாழ்வைத் தொடங்கிய அவர், மதுவிலக்குக் காலத்தில் கள்ளச்சாராயத் தொழிலால் பெரும் பொருளும் செல்வாக்கும் பெற்றார். தாராவி, மாதுங்கா, சயான், அந்தாப் ஹில் பகுதித் தமிழரிடையே அவர் வரதாபாய் என வழங்கப்பட்டார். மாதுங்கா இரயில் நிலையத்துக்கு வெளியே அவர் ஆண்டுதோறும் அமைத்த விநாயகர் சதுர்த்திப் பந்தல் நகரெங்கும் பேசப்பட்டது. தர்காவுக்குக் காணிக்கை செலுத்துவதும் ஏழைகளுக்கு உணவளிப்பதும் அவர் வழக்கமாக இருந்தன. 1980களில் காவல்துறையின் கடும் நடவடிக்கைகளால் அவர் செல்வாக்குச் சரிந்தது. சென்னைக்குச் சென்ற அவர் 1988 சனவரியில் மறைந்தார். 1987இல் வெளிவந்த நாயகன் திரைப்படம் அவர் வாழ்க்கையின் சாயலைக் கொண்டது.

இவ்வாழ்க்கையை எளிதில் தீர்ப்பிட்டு விலக்கிவிட முடியாது. அரசின் அலுவலகங்கள் கதவைத் திறவாத காலத்தில், மொழி தெரியாத வறிய தமிழர் தம் குறைகளைச் சொல்ல ஒரு வாயிலாக அவரைக் கண்டனர். பள்ளிக் கட்டணத்துக்கு வழியற்ற ஒருவன், கொடுப்பவனின் பொருள் எவ்வழி வந்தது என வினவும் நிலையில் இல்லை. மறுபுறம், அப்பொருளின் ஊற்று எது என்பதையும் மறத்தலாகாது. கள்ளச்சாராயத்தின் விலையைக் கொடுத்தவர்களும் அதனால் அழிந்தவர்களும் பெரும்பாலும் அதே குடியிருப்புகளின் ஏழைகளே. ஒரு வீட்டின் அடுப்பை அணைத்த பொருளே மற்றொரு வீட்டின் அடுப்பை எரித்தது. பந்தலின் ஒளி அப்பொருளின் கறையை மறைக்க உதவியது. வழிபாடும் கொடையும் சேர்ந்து செல்வாக்கை வாங்கித் தரும்போது, முடமோசியார் கண்டித்த வணிகம் மறுமையை விட்டு இம்மையிலேயே கைம்மாறு பெறுகிறது.

தூய பொருளே அறம் தரும் என்னும் குறட்கருத்து கொடுப்போனுக்குச் சொல்லப்பட்டது, பெறுவோனைப் பழிப்பதற்கன்று. கறைபடிந்த கொடையை நாடிச் செல்லும் நிலையில் மக்களை வைத்திருந்த சமுதாயமும் அரசும் அக்கறையில் பங்குடையவை.

திருவிழாச் செல்வமும் அன்னதானமும்

கிங்ஸ் சர்க்கிளின் பெயர் இன்று செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் இடம்பெறுவது, கொங்கணி மொழி பேசும் கௌட சாரசுவத பிராமணர் சமூகத்தின் சேவா மண்டலம் நடத்தும் விநாயகர் விழாவின் பொருட்டு. 1950களில் தொடங்கிய இவ்விழா ஐந்து நாட்கள் நடைபெறுகிறது. 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ 360 கோடி ரூபாய்க்குக் காப்பீடு செய்யப்பட்டது என்னும் செய்தி நாடெங்கும் பரவியது. சிலையின் பொன், வெள்ளி அணிகளுக்கே அத்தொகை என்பது போன்ற எண்ணம் பலரிடம் தோன்றியது. உண்மையில் அணிகலன்களுக்கான காப்பீடு 38 கோடி ரூபாய் அளவினதே. 289 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பெரும்பகுதி, தொண்டர், பூசகர், சமையலர், காவலர் முதலியோர்க்கான விபத்துக் காப்பீடாகும். விழாவில் நாள்தோறும் பல்லாயிரவர்க்கு அன்னதானமும் வழங்கப்படுகிறது.

இச்செய்தி இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. பெருந்திருவிழாவைப் புறத்தே நின்று வெறும் ஆடம்பரம் எனத் தள்ளுவது முறையாகாது என்பது ஒன்று. படத்தில் ஆடும் இறைவனுக்கு அளித்தது நடமாடும் மனிதனைச் சேர்வதில்லை. மனிதனுக்கு அளித்ததோ இறைவனையும் சேரும் எனத் திருமூலர் வகுத்த அளவுகோல் ஒவ்வொரு விழாவின் முன்னும் நிற்கிறது என்பது மற்றொன்று. ஐந்து நாள் அன்னதானம் நம்பிக்கையின் மகிழ்ச்சியைப் பகிர்கிறது. ஆண்டின் எஞ்சிய நாட்களின் பசிக்கு வேறு ஏற்பாடு வேண்டும். 1867 மே 23ஆம் நாள் வடலூரில் வள்ளலார் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு அணையாது காக்கப்படுவதன் உட்பொருள் இதுவே. சாதி, சமயம், நாடு முதலிய வேறுபாடுகளைக் கருதாது பசித்தோர்க்கு உணவளித்தலை அவர் வழிபாட்டின் துணைச்செயலாக வைக்கவில்லை. ஜீவகாருண்யமே கடவுள் வழிபாடு என்றார்.

1992–93: கடமையின் கடுஞ்சோதனை

1992 திசம்பர் 6ஆம் நாள் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டபின் பம்பாயில் இரு கட்டங்களாகக் கலவரம் மூண்டது. 900 பேர் இறந்ததாகவும், அவர்களுள் 575 பேர் முசுலிம்கள், 275 பேர் இந்துக்கள் எனவும் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் அறிக்கை பதிவு செய்தது. இடிப்பைக் கொண்டாடி அன்று மாலையே தாராவியில் மிதிவண்டி ஊர்வலம் நடத்தப்பட்டதையும், காலா கில்லாவில் கூட்டம் நடந்ததையும் அவ்வறிக்கை குறிப்பிடுகிறது. தாராவி கடுமையாகப் பாதிக்கப்பட்டது. வழிபாட்டிடத்தைச் சூழ்ந்து தலைமுறைகளாகக் கட்டப்பட்ட உதவி வட்டங்கள், அந்நாட்களில் பகை வட்டங்களாக மாறக் கண்டது தாராவி.

இச்சோதனையிலிருந்தே புதியதொரு கடமையுணர்வும் தோன்றியது. மராத்தி பேசும் பாவு கோர்டேயும், உத்தரப்பிரதேசத்திலிருந்து குடியேறிய வகார் கானும் தாராவியில் அமைதிப் பணியில் இணைந்தனர். ஓய்வுபெற்ற காவல்துறைத் தலைவர் ஜூலியோ ரிபெய்ரோ முதலியோரின் முயற்சியால் நகரில் மொகல்லாக் குழுக்கள் இயங்கின. நான்கு சமயத்தாரின் உடையணிந்த சிறுவர்களைக் காட்டி, நாம் அனைவரும் ஒன்றே எனக் கூறும் சுவரொட்டியை வகார் கான் உருவாக்கிப் பரப்பினார். இவ்விருவரின் நட்பையும் பணியையும் நாதா என்னும் ஆவணப்படம் 2003இல் பதிவு செய்தது.

இங்கே உதவி என்பது பொருள் கொடுப்பதன்று. வதந்தி பரவும் இரவில் பக்கத்துத் தெருவுக்குச் சென்று உண்மை நிலையைச் சொல்வதும், தன் சமயத்தாரின் சினத்துக்கு முன்னால் பிற சமயத்தானுக்காக நிற்பதும் ஆகும். சமணம் நான்கு கொடைகளுள் ஒன்றாக வைத்த அடைக்கலம், அதாவது அஞ்சியவனுக்கு அச்சம் நீக்குதல், இதுவே. பொருட்கொடையில் கொடுப்போன் இழப்பது செல்வத்தை மட்டுமே. அடைக்கலக் கொடையில் அவன் தன் சொந்த வட்டத்தின் நன்மதிப்பையும் இழக்கத் துணிகிறான். ஆதலின் நம்பிக்கை உண்மையிலேயே கடமையாக மாறியதா என்பதை அறிய இதனினும் கடுமையான தேர்வு இல்லை எனலாம்.

2020: கொள்ளைநோயும் பகிரப்பட்ட பொறுப்பும்

2020 ஏப்ரல் 1ஆம் நாள் தாராவியில் முதல் கொரோனாத் தொற்று கண்டறியப்பட்டது. இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பில் பல இலட்சம் மக்கள், பெரும்பாலும் பொதுக் கழிப்பறைகளைச் சார்ந்து வாழும் இடம் அது. பேரழிவு நிகழும் என நாடே அஞ்சியது. மாநகராட்சியின் வீடுவீடான பரிசோதனை, தனிமைப்படுத்தும் இடங்கள், தனியார் மருத்துவரின் பங்கேற்பு, உணவு வழங்கல் ஆகியவற்றால் தொற்று கட்டுக்குள் வந்தது. 2020 சூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியை எடுத்துக்காட்டாகச் சுட்டினார். இப்பணியில் பல சமயங்களைச் சார்ந்த தொண்டமைப்புகளும் பங்கேற்றன.

1890ஐயும் 2020ஐயும் அருகருகே வைத்து நோக்குதல் பயனுடையது. இரண்டிலும் தொற்றுநோயின் அச்சம் உண்டு. இரண்டிலும் நகராட்சி உண்டு. இரண்டிலும் தனிமைப்படுத்தல் உண்டு. முந்தையது வறியோரை நகரத்தின் பார்வையிலிருந்து அகற்ற முனைந்தது. பிந்தையது அவர்களின் வாயிலுக்கே சென்றது. இடைப்பட்ட 130 ஆண்டுகளில் வறியவன் இரக்கத்துக்குரியவன் என்னும் நிலையிலிருந்து உரிமையுடையவன் என்னும் நிலை நோக்கி நகர்ந்துள்ளான். இந்நகர்வு இன்னும் முற்றுப்பெறவில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, கிங்ஸ் சர்க்கிள் வட்டாரத்தில் சமய நம்பிக்கை உதவிக் கடமையை வலுவாகத் தோற்றுவித்துள்ளது. குடியேறிய வறியோர்க்கு வழிபாட்டிடமே முதல் உறவாக அமைந்தது.

இரண்டாவதாக, அக்கடமையின் எல்லையைச் சமயக் கோட்பாடு தனித்து வகுக்கவில்லை. சாதி, வர்க்கம், ஊர், அச்சம் ஆகியவையும் வகுத்தன. கோட்பாட்டளவில் எல்லாச் சமயங்களும் எல்லையற்ற உதவியைப் பேசுகின்றன. நடைமுறையில் உதவி, வட்டங்களுக்குள்ளேயே பெரிதும் சுழல்கிறது.

மூன்றாவதாக, வட்டம் விரிந்த நேரங்கள் உண்டு. கல்விச் சங்கத்தில் அது மெல்ல விரிந்தது. 1993க்குப் பின் அமைதிப் பணியில் துணிந்து விரிந்தது. இரண்டாவது வகை அரியது, போற்றத்தக்கது.

நான்காவதாக, யாருக்கு, எதை எதிர்பார்த்து, எப்பொருளால் என்னும் தமிழ் மரபின் மூன்று அளவைகள் இன்றைய நிறுவனங்களையும் மதிப்பிடும் ஆற்றல் உடையவை. அவற்றோடு பெறுவோனின் சமத்துவமும் சுதந்திரமும் காக்கப்படுகின்றனவா என்னும் அம்பேத்கரின் வினாவைச் சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

தாராவி இன்று மறுசீரமைப்புத் திட்டத்தின் வாயிலில் நிற்கிறது. வீடுகளையும் தொழிற்கூடங்களையும் வழிபாட்டிடங்களையும் கணக்கெடுத்துவிட முடியும். அவற்றைச் சூழ்ந்து நான்கைந்து தலைமுறைகளாக வளர்ந்த ஒப்புரவை எந்தக் கணக்கெடுப்பும் எண்ணிக் காட்டாது. குடியிருப்பு இடம்பெயரும்போது முதலில் அறுபடுவது, மாதக் கடைசியில் கைமாற்றுத் தரும் உறவும், நோயாளிக்குத் துணையிருக்கும் அண்டை வீடுமே. புதிய அடுக்குமாடிகளில் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் இடம் ஒதுக்குவதோடு பொறுப்பு முடிந்துவிடாது. அவற்றைத் தாங்கிய மக்கள் ஒருவரையொருவர் அடையும் தொலைவில் வாழ இயலுமா என்பதையும் எண்ணிப் பார்த்தல் அரசுக்கும், திட்டமிடுவோர்க்கும், மாதுங்காவிலும் தாராவியிலும் வாழும் தமிழர்க்கும் உரிய கடமையாகும்.